பழுது பார்க்க வந்தவர் வீட்டை மாற்றி வைக்கலாமா?

கூரையில் நீர் கசிகிறது என்று கொத்தனாரை அழைக்கிறோம். அவரும் வந்து கசிவை அடைத்துவிட்டுப் போகிறார். உள்ளே சென்று பார்த்தால், அலமாரியில் அடுக்கியிருந்த பாத்திரங்கள் இடம் மாறியிருக்கின்றன. கட்டில் வேறோர் அறைக்குப் போய்விட்டது. பெட்டியில் பத்திரப்படுத்திய காகிதங்களைக் காணவில்லை. ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டால், எல்லா வீடுகளையும் இப்படி அமைப்பதே எங்கள் வழக்கம் என்று பதில் வருகிறது. இதை நாம் ஏற்றுக் கொள்வோமா? கூரையை அடைத்ததற்கு நன்றி சொல்வோம். ஆனால் அடுத்த முறை அவருக்குக் கதவைத் திறக்கத் தயங்குவோம்.

நம் இல்லங்களில் உள்ள கணினியிலும் கைப்பேசியிலும் இதற்கு நிகரான ஒன்று அவ்வப்போது நடந்து வருகிறது. 'அப்டேட்' என்று சிறுவர் முதல் முதியவர் வரை அனைவரும் சொல்லும் மென்பொருள் புதுப்பிப்பு, பல வேளைகளில் நாம் உறங்கும்போது தானே வந்து இறங்குகிறது. காலையில் கருவியைத் திறந்தால், பார்வை குறைந்த வாப்பாவுக்காகப் பெரிதாக்கி வைத்த எழுத்து மீண்டும் சிறுத்திருக்கக் கூடும். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வதற்காக அமைத்த விசைப்பலகை மறைந்திருக்கக் கூடும். குடும்பப் படங்களை யார் பார்க்கலாம் என்று நாம் இட்ட வரம்பு தளர்ந்திருக்கவும் கூடும்.

இவை சின்னஞ்சிறு தொல்லைகள்தாமே, இவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். சிலவற்றைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் எல்லாமே சின்னஞ்சிறு தொல்லைகள் அல்ல. சில குடும்பங்கள் இதனால் ஆண்டுக் கணக்கில் சேர்த்து வைத்த படங்களையும் ஆவணங்களையும் இழந்திருக்கின்றன. இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. அது நம்பிக்கையின் இழப்பு. அதைப் பின்னர் காண்போம்.

புதுப்பிப்பு ஏன் தேவை?

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். புதுப்பிப்பு வேண்டாத ஒன்றன்று. மனிதர் எழுதும் மென்பொருளில் ஓட்டைகள் இருக்கவே செய்யும். அவற்றின் வழியே தீயவர்கள் நுழைவர். ஓட்டை தெரிந்தவுடன் அதை அடைத்து அனுப்புவதே புதுப்பிப்பின் முதற்பணி.

2017ஆம் ஆண்டு நடந்ததை நினைவு கூர்வோம். அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பெரும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12ஆம் நாள், 'வானாக்ரை' என்னும் தீய நிரல் அதே ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவியது. அது கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறிக்கப்பட்ட சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. திருத்தத்தை முறையாக ஏற்றிய கணினிகள் அந்த ஓட்டை வழியான தாக்குதலிலிருந்து தப்பின. ஏற்றாதவையே மாட்டிக் கொண்டன.

ஆகவே புதுப்பிப்பு மருந்தைப் போன்றது. மருந்தை ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ஆனால் நோய்க்கு மருந்து கொடுக்க வந்தவர் நோயாளியின் உடைமைகளில் கை வைக்கலாமா என்பதே நம் கேள்வி.

2018ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2018 அக்டோபர் 2ஆம் நாள், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வெளியானது. சில நாட்களிலேயே பயனர்கள் பலரிடமிருந்து அதிர்ச்சியான முறையீடுகள் எழுந்தன. புதுப்பிப்பு முடிந்து கணினியைத் திறந்தால், தங்கள் ஆவணங்களும் படங்களும் காணவில்லை என்றனர். நிறுவனம் அந்தப் புதுப்பிப்பை உடனே நிறுத்தி வைத்தது. திருத்திய பதிப்பு பொதுமக்களுக்கு மீண்டும் வெளிவந்தது நவம்பர் 13ஆம் நாள்தான்.

என்ன நடந்தது? இதைச் சற்றுப் பொறுமையாகப் புரிந்து கொள்ள வேண்டும். விண்டோஸில் ஆவணங்கள், படங்கள் முதலியவற்றுக்கென்று ஆயத்தமான கோப்புறைகள் உண்டு. கணினியின் முதல் வட்டில் இடம் போதாதவர்கள், அந்தக் கோப்புறைகளை வேறொரு வட்டுக்கு மாற்றி அமைத்துக் கொள்ளலாம். இதற்கு விண்டோஸே வழி செய்து கொடுத்திருக்கிறது. அவ்வாறு மாற்றியவர்களில் சிலர், பழைய இடத்தில் இருந்த கோப்புகளைப் புதிய இடத்திற்கு நகர்த்தாமல் அங்கேயே விட்டு வைத்திருந்தனர். அதில் தவறொன்றும் இல்லை. பழைய இடமும் அவர்களுடைய வட்டில்தானே இருக்கிறது!

இதற்கு முந்தைய புதுப்பிப்பில், இவ்வாறு இடம் மாற்றியவர்களின் கணினியில் வெற்றுக் கோப்புறைகள் இரட்டிப்பாகத் தோன்றின. அது குறித்துப் பயனர்கள் முறையிட்டனர். அக்குறையைப் போக்குவதற்காக, வெறுமையாக உள்ள இரட்டைக் கோப்புறைகளை நீக்கும் கட்டளையை அக்டோபர் புதுப்பிப்பில் சேர்த்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் புதுப்பிப்பு நடைபெறும் வரிசையில் செய்த வேறொரு மாற்றமும் அதனுடன் சேர்ந்து கொண்டது. விளைவு, வெறுமையான கோப்புறைகளோடு நில்லாமல், பழைய இடத்திலிருந்த கோப்புறைகளும் அவற்றின் உள்ளே இருந்தவையும் சேர்ந்தே அழிந்தன.

இழப்பை முறையிட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவே என்று நிறுவனம் கூறியது. ஆனால் அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பு அன்றோ? காலஞ்சென்ற பெற்றோரின் படத்தை இழந்தவரிடம், மற்ற ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேரின் படங்கள் பத்திரமாக உள்ளன என்று சொன்னால் ஆறுதல் கிட்டுமா?

இதில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. பொதுமக்களுக்கு வெளியிடும் முன்னரே, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் கோப்புகள் அழிவதைக் குறிப்பிட்டு எழுதியிருந்தனர். ஆனால் முறையீடுகள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கையின்படி மேலே வரும் முறையில் இருந்தன. எனவே சிலரின் குரல் கூட்டத்தில் கரைந்து போனது. பின்னர்தான், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிடும் வசதியை அந்த முறையீட்டுப் பக்கத்தில் சேர்த்தார்கள். எத்தனை பேர் அழுகிறார்கள் என்று பார்ப்பதோடு, எதற்காக அழுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

தேர்வு யாருடையது?

கவனக் குறைவால் நேர்வது ஒரு வகை. நிறுவனத்தின் ஆதாயம் கலந்து நேர்வது இன்னொரு வகை. 2015 ஜூலை இறுதியில் விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறியவர்கள் தாங்கள் தேர்ந்தெடுத்திருந்த உலாவி போய், அந்நிறுவனத்தின் சொந்த உலாவி முன்னிலைக்கு வந்திருப்பதைக் கண்டனர். தங்கள் பழைய தேர்வுகளைக் காத்துக் கொள்ளும் வழி இருந்தது. ஆனால் அது எளிதில் கண்ணில் படவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வழங்கும் மொசில்லாவின் அன்றைய தலைமை நிர்வாகி கிறிஸ் பியர்ட், இதைக் கண்டித்து மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கு வெளிப்படையான மடல் ஒன்றை எழுதினார். போட்டி நிறுவனத்தின் மடல்தான் அது. ஆயினும் அதிலிருந்த கேள்வி பொதுவானது. ஒருவர் ஆராய்ந்து செய்த தேர்வை, அவர் அறியாமல் மாற்ற யாருக்கு உரிமை இருக்கிறது?

2020 பிப்ரவரியில் வேறொரு புதுப்பிப்புக்குப் பின், விண்டோஸ் 10 பயனர் சிலர் தங்கள் முகப்புத் திரை துடைத்து வைத்தாற் போல் இருப்பதாக முறையிட்டனர். உண்மையில் அவர்களுடைய கோப்புகள் அழியவில்லை. கணினி அவர்களைத் தற்காலிகக் கணக்கு ஒன்றில் நுழைத்து விட்டது. அவர்களின் உண்மையான கோப்புறை வேறு பெயர் பூண்டு வட்டிலேயே இருந்தது. இதை அறியாமல் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவியிருந்தால் என்னவாகியிருக்கும்? பொருள் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் பொறுமையுடன் தேட வேண்டும்.

வீட்டுத் திரை விலகிய நாட்கள்

குடும்பத்தின் அந்தரங்கத்தைப் போற்றும் நமக்கு இனி வரும் செய்தி முக்கியமானது. 2009 டிசம்பரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் அந்தரங்க விதிகளை மாற்றியது. அதனால், பயனர்கள் மறைத்து வைத்திருந்த சில விவரங்கள், நண்பர் பட்டியல் உட்பட, அனைவரும் காணும்படி ஆயின. முன்கூட்டி எச்சரிக்கவோ ஒப்புதல் பெறவோ இல்லை என்பது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டு. 2011 நவம்பரில் அந்நிறுவனம் ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. மக்கள் செய்து வைத்த அந்தரங்க ஏற்பாடுகளை மீறும் மாற்றங்களுக்கு இனி அவர்களின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

அதன் பிறகும், 2018 மே 18 முதல் 27 வரை, புதிய வசதி ஒன்றை உருவாக்கும்போது நேர்ந்த பிழையால், ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பயனர்கள் புதிதாக எழுதும் பதிவுகளுக்கு 'அனைவரும் பார்க்கலாம்' என்பதே முன்னிருப்பாக வந்து நின்றது. நண்பர்களுக்கு மட்டும் என்று முன்பு அமைத்திருந்தவர், வழக்கம்போல் பொத்தானை அழுத்தியிருப்பார். செய்தியோ ஊரறியப் போயிருக்கும். நிறுவனம் பின்னர் அதைச் சரி செய்து, பாதிக்கப்பட்டோருக்கு அறிவிப்பு அனுப்பியது. ஆயினும் இடைப்பட்ட நாட்களில் பார்த்தவர் கண்களை யார் மூட முடியும்? அழிந்த கோப்பைச் சில வேளை மீட்கலாம். வெளியே போன அந்தரங்கத்தை உள்ளே அழைத்து வர இயலாது.

கேட்டுச் செய்யும் வழி உண்டு

தொழில்நுட்பம் என்றால் இப்படித்தான் இருக்கும், வேறு வழியே இல்லை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையன்று. 1993இல் தொடங்கப்பட்ட 'டெபியன்' என்னும் இலவச இயங்குதளத்தின் நடைமுறையைப் பாருங்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கூடி உருவாக்குவது அது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, பயனர் தம் கையால் செய்த மாற்றங்கள் காக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கும் விதி.

அதை நிறைவேற்றும் முறையும் எளியதே. ஒவ்வோர் அமைப்புக் கோப்பையும் முதலில் வழங்கும்போது, அதற்கு ஓர் அடையாளக் குறியைக் கணக்கிட்டு வைத்துக் கொள்வார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறி மாறிவிடும். புதுப்பிப்பு வரும்போது குறியை ஒப்பிடுவார்கள். குறி மாறவில்லை என்றால் பயனர் அந்தக் கோப்பைத் தொடவில்லை. புதியதைத் தாராளமாக வைக்கலாம். குறி மாறியிருந்து, வழங்குவோரும் கோப்பை மாற்றியிருந்தால், வேலை அங்கேயே நின்றுவிடும். 'இதை நீங்கள் மாற்றி வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் புதிய பதிப்பும் இருக்கிறது. எதை வைக்க? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவா?' என்ற பொருளில் கேள்வி வரும். பதில் ஒன்றும் சொல்லாமல் எண்டர் விசையைத் தட்டினால், பயனரின் பழைய கோப்பே நிலைக்கும்.

எவ்வளவு பண்பான ஏற்பாடு! நினைவில் வைத்தல், ஒப்பிடுதல், கேட்டல், ஐயம் வந்தால் உரியவரின் பக்கம் சாய்தல். இந்த நான்கும் இருந்தால் போதும். அயலார் பொருளை அமானிதமாக ஏற்றவர் எப்படி நடக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் இதைத்தானே? பல்லாண்டுகளாக ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களால் இயன்றது, பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களால் இயலாது என்று எப்படி ஏற்க முடியும்?

நேரம் காட்டும் செயலிகள்

தொழுகை நேரம் காட்டும் செயலிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். இவற்றில் நாம் செய்து வைக்கும் தேர்வுகள் விளையாட்டானவை அல்ல. நிழல் ஒரு மடங்கானதும் அஸர் என்று ஷாஃபிஈ மத்ஹபினரும், இரு மடங்கானதும் அஸர் என்று ஹனஃபி மத்ஹபினரும் கணக்கிடுவர். நம் பகுதியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் வரை வரும். ஃபஜ்ருக்கு, சூரியன் அடிவானுக்குக் கீழே 18 பாகையில் இருக்கும் நேரத்தை உலக முஸ்லிம் லீகின் கணக்கும் கராச்சிக் கணக்கும் கொள்கின்றன. 15 பாகை என்பது வட அமெரிக்காவில் வழங்கும் ஒரு கணக்கு. தமிழகத்தில் இவ்விரண்டுக்கும் இடையே 12 முதல் 14 நிமிடங்கள் வரை வேறுபடும்.

புதுப்பிப்பின்போது இந்தத் தேர்வு ஓசையின்றி மாறினால், ஸஹர் உணவின் முடிவு நேரமே தவறாகத் தெரியும். செயலியில் எழுத்தும் வண்ணமும் பழையபடியே இருப்பதால் நமக்கு ஐயமும் எழாது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும், செயலி காட்டும் நேரத்தை மஹல்லா பள்ளிவாசலின் அட்டவணையுடன் ஒருமுறை ஒப்பிட்டுக் கொள்வது நன்று.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

நிறுவனங்கள் திருந்தட்டும் என்று நாம் கைகட்டி இருக்க முடியாது. இல்லத்தில் உள்ளவர்கள் எளிதாகச் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவதாக, குடும்பத்திற்கென்று ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தக் கருவியில் எதை எப்படி அமைத்தோம் என்று நான்கு வரி எழுதுங்கள். அமைப்புத் திரையைப் படம் எடுத்து வேறோரிடத்தில் வைத்துக் கொள்வதும் உதவும். அமைத்தவர் மகனோ மகளோ ஆக இருந்து, அவர் படிப்புக்கோ பணிக்கோ வெளியூர் சென்றுவிட்டால், இந்தக் குறிப்பேடே மற்றவர்களுக்குத் துணை.

இரண்டாவதாக, படங்களையும் ஆவணங்களையும் தனி வட்டில் படியெடுத்து வையுங்கள். படியெடுத்த பின் அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். இணைந்தே இருக்கும் படியை, கோப்புகளைப் பூட்டும் தீய நிரல் எளிதில் தொட்டுவிடும்.

மூன்றாவதாக, புதுப்பிப்புகளில் இரு வகை உண்டு என்பதை அறிந்து கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை உடனே ஏற்றுங்கள். தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றும் பெரிய புதுப்பிப்புகளைச் சில வாரம் தள்ளி வைத்து, முதலில் ஏற்றியவர்களின் அனுபவத்தைக் கேட்டுப் பின் ஏற்றலாம்.

நான்காவதாக, பெரிய புதுப்பிப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்தரங்க வரம்புகள், எழுத்தின் அளவு, விசைப்பலகை, அறிவிப்பு ஓசை ஆகியவற்றைச் சரிபாருங்கள். கோப்பு காணவில்லை என்றால் அந்தக் கணினியில் வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள். புதிதாக எழுதப்படுபவை பழையவற்றின் இடத்தைப் பிடித்து, மீட்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும். 2018இல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கருவியை இயன்றவரை குறைவாகப் பயன்படுத்துமாறுதான் அறிவுரை சொல்லப்பட்டது.

ஐந்தாவதாக, கடைக்கோ கல்வி நிலையத்திற்கோ 'வேர்ட்பிரஸ்' மூலம் இணையத்தளம் நடத்துபவர்கள், வாங்கிய வடிவமைப்புக் கோப்பிலேயே நேரடியாகத் திருத்தம் செய்ய வேண்டாம். அடுத்த புதுப்பிப்பு அந்தக் கோப்பை முழுதாக மாற்றிவிடும். 'சைல்டு தீம்' எனப்படும் சேய் வடிவமைப்பு ஒன்றை உண்டாக்கி, உங்கள் மாற்றங்களை அதில் வைத்தால் அவை நிலைக்கும்.

பெரிய இழப்பு எது?

முன்னர் சொன்ன நம்பிக்கை இழப்புக்கு இப்போது வருவோம். ஒருமுறை தன் அமைப்பை இழந்தவர் என்ன செய்கிறார்? புதுப்பிப்பே வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறார். தனக்கு நேர்ந்ததை உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் சொல்கிறார். அவர்களும் நிறுத்துகின்றனர். அடுத்த 'வானாக்ரை' வரும் நாளில், ஓட்டை அடைபடாத கணினிகளாக அவர்களுடையவையே இருக்கும். கேளாமல் கை வைத்த மருத்துவரால் மருந்தின் மீதே வெறுப்பு உண்டாகிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. எனவே பல குடும்பங்கள் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற வேண்டிய கட்டத்தில் நிற்கின்றன. அஞ்சி ஒதுங்குவதற்கு உரிய நேரம் இதுவன்று. ஆயத்தத்துடன் மாறுவதற்கு உரிய நேரம். படியெடுத்து வைத்து, குறித்து வைத்து, பிறகு மாறுங்கள்.

மென்பொருள் எழுதும் துறையில் இன்று நம் பிள்ளைகளும் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தமும் யாரோ ஒருவரின் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே ஒரு மூதாட்டி தம் கண்ணுக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். ஒரு தாய் தம் பிள்ளைகளின் படங்களுக்குத் திரை போட்டு வைத்திருப்பார். அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வாசலில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். அனுமதி கிடைத்த பின் உள்ளே செல்லுங்கள்.